ஜூன் கடைசியில் அப்பா அம்மாவோடு ஸ்னோ லேக் போகலாமா?

மதுரைப்பொண்ணு_ரெட்மண்ட்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள், ஆகஸ்ட் நடுவில் திரும்புகிறார்கள். சியாட்டிலுக்குக் கிழக்கே இருக்கும் ஆல்பைன் லேக்ஸ் வில்டர்னஸ் (பாதுகாக்கப்பட்ட மலைக்காடு) பக்கம் ஒரு நாள் நடந்து போய் ஒரு மலை ஏரியைக் காட்டிவிட்டு வரலாம் என்று ஆசை. ஜூன் கடைசி சனிக்கிழமை வசதி. எல்லாரும் சொல்வது ஸ்னோ லேக். போக வர ஏழு மைல் என்று பார்த்தேன்.

அப்பாவுக்கு 64. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பார். ஆடி அமாவாசைக்கு சதுரகிரி ஏறுகிறவர், அதனால் "இதெல்லாம் ஒரு மலையா" என்கிறார். பிரஷர் மாத்திரை எடுக்கிறார், மற்றபடி நல்ல திடம். அம்மாவுக்கு 59, இறக்கத்தில் இடது முழங்கால் வலிக்கும். பையனுக்கு எட்டு வயது. கூட இரண்டு நண்பர் குடும்பங்கள் வருவதாகச் சொல்கிறார்கள், மொத்தம் 14 பேர் ஆகிவிடும்.

ஸ்னோ லேக் சரியா, வேறு ஏதாவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கிர்க்லேண்ட்_சிவா:

தாராளமாகப் போகலாம். நாங்கள் ஆகஸ்டில் போனோம், மாமனார் மாமியாரும் வந்தார்கள். ஏரியைப் பார்த்ததும் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கூட்டம்தான் பயங்கரம். காலை ஏழரைக்குள் போகாவிட்டால் பாதை தொடங்கும் ஆல்பென்டால் பார்க்கிங்கில் இடம் கிடைக்காது. ரோட்டோரம் தப்பான இடத்தில் நிறுத்தினால் டிக்கெட் வைத்துவிடுவார்கள்.


இசக்குவா_மலைநடை:

சிவா ஆகஸ்டில் போனார், நீங்கள் கேட்பது ஜூன் கடைசி. இந்த மலையில் அந்த வித்தியாசம்தான் எல்லாமே. நான் இங்கே பாதை சீரமைக்கும் தன்னார்வலர்களோடு சனிக்கிழமைகளில் மண்வெட்டி பிடிக்கப் போகிறவன். ஐ-90 நெடுஞ்சாலையை ஒட்டிய பாதைகளை வருடம் பூராவும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்னோ லேக் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் அப்பா கேட்டால், "கொடைக்கானலே 7,000 அடி, இது அதில் பாதிதானே" என்பார். கணக்கு ஏறத்தாழ சரி. ஆனால் கொடைக்கானலில் பனி கொட்டுவதில்லை. ஏரிக்குப் பக்கத்து ஸ்னோக்வால்மி கணவாயில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 400 அங்குலத்துக்கும் மேல் பனி விழுகிறது. அது உருகி முடியும்போது பல வருடங்களில் ஜூலை பிறந்துவிடும். ஜூன் கடைசியில் கீழே பெல்வியூவில் வெயில் அடிக்கும், பையன்கள் அரைக்கால் சட்டையோடு சைக்கிள் விடுவார்கள். அதே நாளில் ஸ்னோ லேக் பாதையின் மேல் பகுதியில் பனித்திட்டு கிடக்கும், ஏரியிலேயே பனிக்கட்டி மிதக்கும்.

பனியில் நடப்பது மட்டுமே கஷ்டம் என்றால் இவ்வளவு சொல்ல மாட்டேன். பாதை சிற்றோடைகளைத் தாண்டிப் போகிறது. பனி மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் ஓடை அதை அரித்துக் கூடாக்கியிருக்கும். கால் உள்ளே போனால் இடுப்பு வரை இறங்கிவிடும், அடியில் பாறையும் ஓடுகிற தண்ணீரும். அப்புறம், பாதை பனிக்கு அடியில் மறைந்துபோவதால் முன்னால் போனவனின் கால் தடத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் போவார்கள், அவன் வழி தவறியிருந்தால் எல்லாரும் தவறுவார்கள். எட்டு வயதுப் பையனோடு அது வேண்டாம்.

அடுத்தது அந்தப் பாதையின் அமைப்பு. வண்டி நிறுத்துமிடம் சுமார் 3,100 அடி. அங்கிருந்து முதல் ஒன்றரை மைலுக்கு மேல் அலுங்காமல் நடக்கலாம். பிறகு கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி 4,400 அடியில் ஒரு மேட்டின் முகட்டைத் தொடுவீர்கள். ஏரி அங்கே இல்லை, அந்தப் பக்கம் 400 அடி இறங்க வேண்டும். அதாவது சாப்பிட்டு முடித்து, வெயில் ஏறி, கால் களைத்த பிறகு அந்த 400 அடியைத் திரும்ப ஏற வேண்டும். அதற்கு அப்புறம்தான் அம்மாவின் முழங்காலுக்கான நீண்ட இறக்கம், அதுவும் கல்லும் வேருமாக. சதுரகிரியில் ஏற்றம் முடிந்தால் சாமி தரிசனம், பிறகு ஒரே இறக்கம். இது அப்படி இல்லை என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏரிக்கு இறங்கும் முன் முகட்டில் நின்று "திரும்பி வரும்போது இதை ஏறணும், முடியுமா" என்று கேட்டுக்கொள்வது நல்லது. முடியாது என்றால் முகட்டிலிருந்தே ஏரியையும் பின்னால் நிற்கும் சேர் பீக் மலையையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதுவே முழுமையான நாள்.

ஜூன் கடைசிக்கு நான் சொல்வது டாலபஸ், ஒலாலி ஏரிகள். ஐ-90-இல் 45-ஆவது எக்ஸிட். ரெட்மண்டிலிருந்து முக்கால் மணி நேரம், கடைசியில் கொஞ்ச தூரம் மண் ரோடு. இரண்டு ஏரியும் சேர்த்துப் போக வர ஆறு மைலுக்குச் சற்று அதிகம், மொத்த ஏற்றம் சுமார் 1,200 அடி. ஸ்னோ லேக்கில் அது 1,800. டாலபஸ் இரண்டு மைலில் வந்துவிடும், 3,280 அடி. ஒலாலி இன்னும் ஒரு மைல், 500 அடி மேலே. உங்களுக்கு இதில் முக்கியமான வசதி, டாலபஸிலேயே முடித்துக்கொண்டாலும் ஒரு ஏரியைப் பார்த்த நாளாகிவிடும். நடக்க முடிகிறவர்கள் ஒலாலி வரை போய் வரலாம், மற்றவர்கள் கீழ் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கலாம்.

பாதை முழுக்க மர நிழல். அதனால் பெரிய மலைக்காட்சி எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஸ்னோ லேக்கில் கிடைக்கும் பிரம்மாண்டம் இதில் கிடையாது. முதலில் பழைய மரம் வெட்டும் ரோடு, பிறகு காட்டுக்குள் வளைந்து ஏறும். வில்டர்னஸ் எல்லைப் பலகை வரும். ஓடைச் சத்தம் கூடவே வரும். டாலபஸிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் பெரிய பெரிய கட்டைகள் அடைத்துக் கிடக்கும். பையன் அதில் ஏறத் துடிப்பான், ஈரக் கட்டை சோப்பு மாதிரி வழுக்கும், பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஜூனில் அந்தப் பாதையில் சேறு இருக்கும். செருப்பு அழுக்காகிறதே என்று எல்லாரும் ஓரமாக ஒதுங்கிச் செடியை மிதித்துப் போவார்கள். அடுத்து வருபவர் அதற்கும் வெளியே ஒதுங்குவார். இரண்டடிப் பாதை எட்டடிச் சகதியாவது இப்படித்தான். அந்த ஓரத்துச் செடி திரும்ப முளைக்க வருடக்கணக்காகும். நாங்கள் அங்கே குறுக்கே ஒரு சரிவு வெட்டித் தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் வடிய விடுவோம். ஒரு நாள் முழுக்கப் பத்துப் பேர் வேலை செய்தால் சில இடங்கள் சரியாகும். நீங்கள் சேற்றின் நடுவிலேயே மிதித்துப் போங்கள். வளைவுகளில் குறுக்கே வெட்டி இறங்காதீர்கள். பையனுக்குக் காரணம் சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களையும் அவனே கண்டிப்பான்.

அனுமதி விஷயம்: வில்டர்னஸில் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 12 பேர். 14 பேராகப் போக முடியாது. ஒரு குடும்பம் அன்று வேறு பாதைக்குப் போகட்டும், சாயங்காலம் வழியில் இருக்கும் நார்த் பெண்ட் ஊரில் சந்தித்துக்கொள்ளுங்கள். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டியில் படிவம் இருக்கும். நாமே எழுதி ஒரு பகுதியைப் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், கட்டணம் இல்லை. வண்டிக்கு நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் தேவை, நாளுக்கு 5 டாலர், வருடத்துக்கு 30. உங்களிடம் டிஸ்கவர் பாஸ் இருந்தால் அது மாநிலப் பூங்காக்களுக்கு, இங்கே செல்லாது. தேசியப் பூங்காக்களுக்கான வருட பாஸ் வைத்திருந்தால் அதுவே போதும்.

நேரம்: காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். நிதானமாகப் போனால் பத்து மணி வாக்கில் டாலபஸ். அங்கே உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பார்த்து முடிவெடுங்கள். ஒலாலி போனால் ஒரு மணிக்குத் திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கே இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்புவது. ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அது பிந்தி நடப்பதற்கல்ல, யாருக்காவது கால் பிசகினால் மெல்லக் கூட்டி வருவதற்கு.

ஸ்னோ லேக்கை விட்டுவிட வேண்டாம். ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ ஒரு வார நாளில் லீவு போட்டு அப்பாவைக் கூட்டிப் போங்கள். அவர் பார்க்க வேண்டிய இடம்.


சம்மாமிஷ்_கலா:

மலைநடை சொன்னது எல்லாம் சரி. நான் சொல்ல வருவது ஆண்கள் யோசிக்காத ஒன்று. உங்கள் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டார். என் அம்மாவும் அப்படித்தான். வழியில் ஒதுங்க இடமில்லையே என்று காலையிலிருந்து ஒரு டம்ளரோடு நிறுத்திவிடுவார்கள். பிறகு பத்தரை மணிக்குத் தலைசுற்றல், "பரவாயில்லைம்மா, நீங்க போய்ட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிடுவார்கள். முழங்காலைவிட இது பெரிய பிரச்சினை.

முதல் நாளே அம்மாவிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நார்த் பெண்டில் நிறுத்திப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். காட்டில் தேவைப்பட்டால் பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் 200 அடி தள்ளி, ஒரு துணை காவலுக்கு நிற்க, ஒரு பெரிய துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்தால் போதும். பேப்பரை அங்கே போடாமல் ஜிப் பையில் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். நான் கறுப்பு நிறப் பை ஒன்றைத் தனியாக வைத்திருப்பேன், உள்ளே இருப்பது தெரியாது. இதை நீங்களே முதலில் செய்து காட்டினால் அம்மாவுக்குக் கூச்சம் போய்விடும்.

உடுப்பு: சேலை வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். சுடிதாருக்குச் சம்மதித்தால் நல்லது, ஆனால் காட்டன் வேண்டாம். வியர்வையிலும் மழையிலும் நனைந்தால் காட்டன் காயவே காயாது, ஏரிக்கரையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் நடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்பாவின் பனியனுக்கும் இதே கதைதான், ஒரு பாலியெஸ்டர் டி-ஷர்ட் வாங்கிப் போட்டுவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபிளீஸ் (கதகதப்பான மேல்சட்டை), ஒரு மழைக்கோட்டு. ஜூன் மாதச் சியாட்டில் வெயிலை நம்ப முடியாது.

அம்மாவுக்கு மலையில் ஊன்றும் கோல் இரண்டு. ஒன்று போதாது. இறங்கும்போது கோலின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, முதலில் கோலை ஊன்றி, பிறகு காலை வைக்க வேண்டும். வீட்டு மாடிப்படியில் இரண்டு நாள் பழக்குங்கள்.


மதுரைப்பொண்ணு_ரெட்மண்ட்:

கலா அக்கா, அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். படித்துக்காட்டினேன், சிரித்துவிட்டு "சரி, குடிக்கிறேன்" என்றார்.

மலைநடை அண்ணா, ரொம்ப நன்றி. டாலபஸ் என்று முடிவு பண்ணிவிட்டோம். ஒரு நண்பர் குடும்பம் அன்று ராட்டில்ஸ்னேக் லேக் போகிறார்கள், நாங்கள் பத்துப் பேர்.

இன்னும் மூன்று கேள்வி. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டலாம் என்றிருக்கிறோம், அந்த வாசனைக்குக் கரடி வருமா? அப்பா ஏரியில் முங்கிக் குளிக்க வேண்டும் என்கிறார், விடலாமா? ஃபோன் சிக்னல் இருக்குமா?


இசக்குவா_மலைநடை:

குளிப்பதை முதலில் சொல்கிறேன், அதுதான் எனக்குக் கவலை. ஜூன் மாத மலை ஏரி என்பது நேற்று வரை பனியாக இருந்த தண்ணீர். அந்தக் குளிரில் உடம்பு திடீரென்று முழுகினால் மூச்சு தானாக இழுக்கும், நாம் நினைத்தாலும் அடக்க முடியாது. தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இங்கே இப்படித்தான் முழுகிப் போகிறார்கள். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே நேரத்தில் எகிறும். பிரஷர் மாத்திரை எடுக்கும் 64 வயதுக்காரர் ஏறி வந்த சூட்டோடு முங்கவே கூடாது. வைகையில் நீந்தியவர், குற்றாலத்தில் நின்றவர் என்பதெல்லாம் இதற்கு உதவாது. கரையில் உட்கார்ந்து முழங்கால் வரை காலை நனைக்கட்டும், கையில் அள்ளி முகத்தில் தெளித்துக்கொள்ளட்டும். அவர் மறுத்தால் என் பேரைச் சொல்லித் தடுங்கள். சோப்பு, எண்ணெய் எதுவும் தண்ணீர்ப் பக்கம் கொண்டு போக வேண்டாம், மக்கும் சோப்பு என்று போட்டிருந்தாலும்.

அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கவும் கூடாது. கண்ணாடி மாதிரி தெரியும், ஆனால் ஜியார்டியா என்ற கிருமி இருக்கலாம், வயிறு வாரக்கணக்கில் படுத்திவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், இல்லை ஒரு வடிகட்டி வாங்குங்கள்.

கரடி: கறுங்கரடிகள் உண்டு. ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் அவை அந்தப் பாதைப் பக்கம் தலைகாட்டுவது அபூர்வம். சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடந்தால் போதும். சாப்பாட்டுப் பையைக் கரையில் போட்டுவிட்டுச் சுற்றப் போகாதீர்கள். உங்களைத் தேடி வரப்போவது கனடா ஜே. புறா அளவுக்குக் கொஞ்சம் சிறிய சாம்பல் நிறப் பறவை, பயமே கிடையாது. டிபன் டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் தலைக்கு மேல் கிளையில் வந்து உட்காரும், முறுக்கைப் பையன் கையில் வைத்திருந்தால் கையிலேயே இறங்கிப் பறித்துக்கொண்டு போகும். பார்க்க ஆசையாக இருக்கும், எல்லாரும் ஊட்டுவார்கள். தயவுசெய்து ஊட்டாதீர்கள். அவை குளிர்காலத்துக்கு உணவைத் தேடி மரப்பட்டை இடுக்குகளில் எச்சிலால் ஒட்டி ஒளித்து வைத்துப் பிழைக்கும் பறவைகள். நம் மிக்சரும் சிப்ஸும் அதற்காக ஏற்பட்டவை அல்ல.

புளியோதரை நல்ல தேர்வு, கெட்டுப்போகாது. தயிர்சாதத்தை உறைபனிப் பொட்டலத்தோடு வையுங்கள். வாழைப்பழத் தோல், எலுமிச்சைத் தோல், கறிவேப்பிலை, எல்லாமே திரும்பி வர வேண்டும். மக்கிப் போகும்தானே என்று நம் ஆட்கள் புதரில் வீசுவதைப் பார்க்கிறேன். வருடத்தில் பாதி நாள் பனி மூடியிருக்கும் மண்ணில் வாழைத்தோல் அவ்வளவு சீக்கிரம் மக்காது. ஒரு பெரிய ஜிப் பை, எல்லாக் குப்பையும் அதற்குள்.

சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே ஃபோனில் இறக்கி வையுங்கள். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் அவசரத்துக்குச் செயற்கைக்கோள் வழி 911-க்குச் செய்தி அனுப்பலாம், ஆனால் அடர்ந்த மரத்தடியில் நின்றால் கிடைக்காது, வானம் தெரியும் இடத்துக்கு வர வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியம், ராட்டில்ஸ்னேக் போகும் நண்பரிடம் "டாலபஸ் பாதை, நான்கு மணிக்குள் வண்டிக்கு வந்துவிடுவோம், ஏழு மணி வரை தகவல் இல்லை என்றால் 911" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மலையில் தேடுவது இங்கே கவுண்டி ஷெரிஃபின் பொறுப்பு, இறங்கித் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். எந்தப் பாதை என்று தெரிந்தால் அவர்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஆளுக்கொரு தலைவிளக்கு. ஃபோன் டார்ச்சை நம்ப வேண்டாம்.


கிர்க்லேண்ட்_சிவா:

கொசுவை யாரும் சொல்லவில்லையே. பனி உருகின கையோடு ஏரிக்கரையில் கொசு கிளம்பிவிடும். மருந்து எடுத்துப் போங்கள். ஜூலைக் கடைசியில் ஸ்னோ லேக் போகும்போதும் இருக்கும். ஆகஸ்டில் குறைந்துவிடும், ஆனால் அப்போது எங்காவது காட்டுத்தீப் புகை வந்தால் சேர் பீக்கே தெரியாது. காலையில் காற்றின் தரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.


மதுரைப்பொண்ணு_ரெட்மண்ட்:

குறித்துக்கொண்டேன் சிவா. அப்பாவிடம் குளிக்கக் கூடாது என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது, பிறகு மாத்திரை விஷயத்தை எடுத்துச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். ஸ்னோ லேக்குக்கு ஜூலை 29 லீவு கேட்டிருக்கிறேன். அண்ணா, கிளம்புவதற்கு முதல் நாள் பாதை நிலவரம் எங்கே பார்ப்பது?


இசக்குவா_மலைநடை:

வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் தளத்தில் ஒவ்வொரு பாதைக்கும் போய் வந்தவர்கள் எழுதும் குறிப்புகள் இருக்கும். நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். கடைசி ஒரு வாரத்துக்குள் எழுதியது மட்டும் கணக்கு. பனி எந்த இடத்தில் தொடங்குகிறது, மண் ரோட்டில் பள்ளம் எப்படி, எத்தனை மணிக்குப் பார்க்கிங் நிரம்பியது என்று தேடிப் படியுங்கள். நீங்களும் போய் வந்த அன்று இரவே நான்கு வரி எழுதிப் போடுங்கள், பெரியவர்களோடும் குழந்தையோடும் போனவர் எழுதும் குறிப்பு அங்கே குறைவு.